நான்காவது போல்ட்

நான்கு போல்ட்டுகளில் மூன்று இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. நான்காவது மட்டும் இரண்டு நாளைக்கு ஒரு முறை தளர்ந்துபோனது. ஏன் என்று ராமதாசுக்குப் புரியவில்லை.

ஜெலுத்தோங் பசாரின் ஈரத்தரையில் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு, மாமியார் நவமணியின் தேங்காய்க் கடையில், தேங்காய் திருவும் மிஷினுக்குள் அவன் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டார் சைக்கிள் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் பழகிய கை அவனுடையது. எந்த நட்டும் இதுவரை அவனிடம் இப்படி வாலாட்டியதில்லை.

மிஷின் ஒன்றும் சிக்கலானதல்ல. கீழே ஓர் இரும்புச் சட்டம். சட்டத்தின் மேல் மோட்டார். மோட்டாருக்கு நான்கு பாதங்கள், பாதத்துக்கு ஒரு போல்ட். போல்ட்டின் தலை சட்டத்துக்கு அடியில் இருக்கும், நட்டு மேலே இருக்கும். மோட்டார் சுற்றினால் ஒரு ரப்பர் பெல்ட் வழியாகப் பல் வைத்த உருளை சுற்றும், அதில் தேங்காய் பூவாக உதிரும். பெல்ட் விறைப்பாக இருந்தால்தான் இது நடக்கும். அதற்காக மோட்டாரைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, நான்கு நட்டுகளையும் முறுக்கிவிடுவார்கள். ஒரு மூலை தளர்ந்தாலும் மோட்டார் அந்தப் பக்கம் ஒரு நூல் முன்னால் நகரும். பெல்ட் தொய்ந்து வழுக்கும். வழுக்கும்போது அது போடும் கீச்சுச் சத்தம் மீன் கடைகள் வரைக்கும் கேட்கும்.

முதல் தடவை தளர்ந்தபோது, சரியாக முறுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மணிக்கட்டு வலிக்க முறுக்கினான். இரண்டாம் தடவை சுருள் வாஷர் போட்டான். மூன்றாம் தடவை பட்டறை வழக்கப்படி வெள்ளைப் பெயின்ட்டால் நான்கு நட்டுகளிலும் ஒரு கோடு இழுத்தான். நட்டின் மேல் பாதிக் கோடு, மோட்டார் பாதத்தின் மேல் மீதிக் கோடு. நட்டு திரும்பினால் கோடு உடைந்துவிடும், பொய் சொல்லாது. இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தான். மூன்று கோடுகள் நேராக இருந்தன. நான்காவது கால் சுற்று விலகிக் கிடந்தது.

“என்ன மாப்ள, ரோஸாக்கா?” என்று கல்லாவிலிருந்து நவமணி கேட்டார்.

“ரோஸாக் இல்ல அத்தை, கெட்டுப்போகல. லூஸ்தான்.”

“அதான் முந்தாநாளும் சொன்னீங்க.”

அவன் எழுந்து நின்றபோது கண் தன்னால் தராசுக்கு மேலிருந்த கொக்கிக்குப் போனது. போகக் கூடாது என்று நினைத்திருந்தும் போனது.

பதினோரு வருடமாக அந்தக் கொக்கியில் தொங்கியது ராமதாசின் பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர். கல்யாணமான வருடம் அவனே கொண்டுவந்து மாட்டியது. மிஷினில் எது தளர்ந்தாலும் அந்த ஒன்று போதும், அதை எடுக்க அவன் வந்தால் போதும். இப்போது கொக்கியில் நீலக் கைப்பிடி போட்ட புதுப் பிளையர் ஒன்று பளபளவென்று தொங்கியது. ஸ்பேனர் கல்லாவுக்குக் கீழே பிளாஸ்டிக் பைக் கட்டுகளோடு கிடந்தது.

பிளையரைக் கொண்டுவந்தவன் கோகுலன், ராமதாசின் சகலை. ராமதாசின் மனைவி ரமணியின் தங்கையைக் கட்டி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. பத்து காவான் ஊரில் ஏதோ தொழிற்சாலையில் சூப்பர்வைசர், கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் புது வீடு, வெள்ளைக் கார். நோன்பு மாதம் தொடங்கிய வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன், அத்தைக்கு என்று இதை ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தான். தானாக அளவு பார்த்துக்கொள்ளும் பிளையர். பொத்தான் இல்லை, திருகு இல்லை. வாயை எதில் வேண்டுமானாலும் வைத்து அழுத்தினால் போதும், அந்த அளவுக்கு வந்து பிடித்துக்கொள்ளும். அன்றைக்கே கோகுலன் அந்த நான்காவது நட்டை இதால் ஒரு பிடி பிடித்து முறுக்கிக் காட்டினான். பக்கத்துக் காய்கறிக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

அதன் பிறகு நவமணிக்குப் பெரிய மாப்பிள்ளை தேவைப்படவில்லை. சம்பால் பாட்டில் மூடிக்கு அந்தப் பிளையர். கேஸ் வாய்க்கு அந்தப் பிளையர். கசிகிற குழாய்க்கும், கழன்ற நாற்காலிக் காலுக்கும், ஒரு நாள் பூட்டிக்கொண்ட வாளிக் கைப்பிடிக்கும் அதுவே. முன்பெல்லாம் வாரத்தில் நான்கு முறையாவது ராமதாசின் போன் அடிக்கும். “மாப்ள, ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்” என்று குரல் வரும். பட்டறை முதலாளி முறைப்பார். ராமதாஸ் அலுத்துக்கொண்டே கிளம்புவான், உள்ளுக்குள் கிளுகிளுவென்று இருக்கும். இந்த இரண்டு வாரத்தில் அத்தை கூப்பிட்டதெல்லாம் நான்காவது போல்ட்டுக்காக மட்டும்தான்.

அந்த போல்ட்டும் தளராமல் நின்றுவிட்டால் அந்த அழைப்பும் இருக்காது. இந்த நினைப்பு ஒரு நாள் வண்டி ஓட்டும்போது வந்து, அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

அந்தப் பிளையர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. குற்றம் கண்டுபிடிப்பதற்காகத்தான் பார்க்கிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனிலும், வீட்டுக்கு வந்தால் டிவியிலும், உலகத்தில் யார் யாரோ அந்தமாதிரிப் பிளையரைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் வீடியோக்களைப் பார்த்தான்.

“என்னங்க, நான் சீரியல் போட்டா முன்னாடி உங்க பிளையர்தான் வருது” என்றாள் ரமணி.

“சும்மா பாத்தேன்.”

“வேணும்னா ஒண்ணு வாங்கிக்குங்களேன். எதுக்கு இப்பிடி?”

“அதெல்லாம் வேலை தெரியாதவன் வாங்குறது.”

ரமணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். “அப்ப தெரிஞ்சவரு ஏன் ராத்திரியெல்லாம் பாக்குறாரு?” என்று கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அடுத்த நாள் பட்டறைக்குச் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்கப் பாயான் பாரு வரைக்கும் போய், அங்கே ஒரு ஹார்டுவேர் கடைக்குள் நுழைந்தான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதே மாதிரிப் பிளையரைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். விலை நூற்றெண்பத்தொன்பது வெள்ளி. அந்தக் காசுக்கு நல்ல ஸ்பேனர் செட் ஒன்றே வாங்கலாம்.

கையில் வாங்கியவுடன் அவன் செய்த முதல் வேலை, தன் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பிடித்துப் பார்த்ததுதான். பிறகு விரல் தடிமன் குழாய். பிறகு சாவிக்கொத்து. கீழ்த்தாடை ஒரு பல்வரிசையின் மேல் உட்கார்ந்திருந்தது. கைப்பிடியை அழுத்தத் தொடங்கும்போது உள்ளே ஒரு மெல்லிய ஸ்பிரிங் அந்தத் தாடையைப் பல்வரிசையை ஒட்டி மேலே தள்ளுகிறது. எதிரில் எதுவும் தடுக்காதவரை அது சும்மா நகர்கிறது. பொருளில் போய் முட்டியதும் ஸ்பிரிங் தோற்றுப்போகிறது. தாடை அந்த இடத்திலேயே பல்லில் இறங்கிப் பூட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு கை கொடுக்கும் அழுத்தம் முழுவதும் பிடிப்பதற்குத்தான் போகிறது. முதல் பாதி தேடல், இரண்டாம் பாதி பிடி. அவ்வளவுதான். தாடைகள் இரண்டும் சாய்ந்து கடிக்காமல், நேருக்கு நேர் இணையாக வந்து உட்கார்ந்தன.

அவன் அதைப் பதினைந்து தடவையாவது அழுத்திப் பார்த்திருப்பான். ஒவ்வொரு தடவையும் ‘டக்’கென்று ஒரு சின்னச் சத்தம். அருமையான சத்தம். ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. கடைக்காரர் வேணுமா என்ற மாதிரி பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வெளியேற முடியாமல் ஒரு கம்பி பிரஷ் வாங்கிக்கொண்டு வந்தான். வீட்டில் அதே பிரஷ் ஏற்கெனவே இரண்டு இருந்தன.

குற்றம் கிடைக்காதபோது அதை உண்டாக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை குடும்பம் முழுவதும் நவமணி வீட்டில் கூடியபோது பேச்சு மிஷின் பக்கம் திரும்பியது. ராமதாஸ் சாதாரணமாகச் சொல்வதுபோல ஆரம்பித்தான். எல்லா அளவுக்கும் பொருந்துகிற சாமான் எந்த அளவுக்கும் சரியாகப் பொருந்தாது. நட்டுக்கு ஆறு மூலை. ஸ்பேனர் ஆறையும் அணைத்துப் பிடிக்கும். பிளையர் இரண்டு பக்கத்தை மட்டும் நசுக்கும். நசுக்கி நசுக்கி மூலையைத் தின்றுவிடும். அந்த நான்காவது நட்டு ஏன் நிற்கவில்லை என்று அவனுக்குத் தெரியாதா என்ன? கோகுலன் வந்து ஒரு பிடி பிடித்த வாரத்திலிருந்துதான் அது தளர ஆரம்பித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள் என்றான்.

கோகுலன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். “அப்பிடியாண்ணே?” என்று மட்டும் சொன்னான். ஆனால் அன்று சாயங்காலம் பத்து காவானுக்குத் திரும்பும்போது பசார் வழியாகப் போய், கொக்கியிலிருந்த பிளையரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் காலையில் கொக்கி காலியாக இருப்பதைப் பார்த்து ராமதாஸ் தன் பதின்மூன்றை எடுத்து மாட்டினான். மனம் நிறைந்தது. முழுதாக நிறையவில்லை, ஆனாலும் நிறைந்தது.

இரண்டு நாள் கழித்து நான்காவது நட்டு மறுபடியும் தளர்ந்தது.

பிளையர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது இங்கே நட்டு ஏன் தளர வேண்டும்? நியாயமான மனிதன் அங்கேயே யோசித்திருப்பான். ராமதாஸ், பழைய சேதம் இப்போது வேலையைக் காட்டுகிறது என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் முறுக்கினான்.

நோன்புப் பெருநாளான ராயாவுக்கு முந்தின நாள் வந்தது. தேங்காய்க் கடைக்கு வருடத்திலேயே பெரிய நாள் அது. ரெண்டாங் கறி, குழம்பு, பலகாரம் என்று ஜெலுத்தோங்கில் பாதி அடுப்புகளுக்குத் தேங்காய்ப்பால் இங்கேயிருந்துதான் போகவேண்டும். காலை ஏழு மணிக்கே வரிசை கோழிக்கடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வரிசைக்கு முன்னால் நின்றவர் ருக்கையா. பெருநாளுக்குச் சமைத்துக் கொடுக்கும் வேலை எடுத்திருந்தவர். முப்பது கிலோ சந்தான், கெட்டித் தேங்காய்ப்பால், பிழிந்து பதினொரு மணிக்குள் கொடுக்கவேண்டும் என்று ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவைத்திருந்தார்.

ஏழே காலுக்கு மிஷின் கத்தியது. இந்தத் தடவை கத்திவிட்டு நின்றேபோனது.

ராமதாஸ் பட்டறைக்குப் போகும் வழியில் இருந்தான். போன் வந்ததும் ஐந்து நிமிடத்தில் வந்து சேர்ந்தான். பதின்மூன்றைக் கொக்கியிலிருந்து எடுத்து நான்காவது நட்டில் மாட்டி முறுக்கினான். நட்டு சுற்றியது. நட்டோடு சேர்ந்து போல்ட்டும் சுற்றியது. இத்தனை நாளும் துருவும் பழைய பெயின்ட்டும் போல்ட்டின் தலையைச் சட்டத்தோடு ஒட்டிப் பிடித்து வைத்திருந்தன. அந்த ஒட்டு இன்று விட்டுப்போயிருந்தது. இனிமேல் யாராவது தலையைக் கீழே பிடித்துக்கொண்டால்தான் மேலே நட்டு நகரும்.

வண்டிப் பெட்டியில் இருந்த இன்னொரு பதின்மூன்றை எடுத்துக்கொண்டு தரையில் படுத்தான். தலை இருந்த இடம் சட்டத்தின் குறுக்குக் கம்பிக்குப் பின்னால் ஒரு மூலை. இரண்டு விரல் நுழையும், கண் நுழையாது. தடவித் தடவி ஸ்பேனரை மாட்டி அழுத்தினான். வழுக்கியது. மறுபடி மாட்டினான். மறுபடி வழுக்கி, விரல் முட்டி கம்பியில் இடித்துத் தோல் உரிந்தது. லொடலொடவென்று ஆடியது ஸ்பேனர்.

கோகுலன் அன்றைக்கு இந்தத் தலையையும் பிடித்திருப்பான் என்று நினைத்ததும், வலியை மீறி அவனுக்கு ஒரு சந்தோஷம் பொங்கியது.

“பாத்தீங்களா அத்தை? நான் சொன்னேன்ல? தலையில மூலையே இல்ல. மொத்தமா தின்னுருச்சு அந்தப் பிளையரு.”

“எது தின்னுச்சோ, ஓட வைங்க மாப்ள” என்றார் நவமணி.

“தம்பி, நாளைக்கு ராயா. அடுத்த வருச ராயா இல்ல” என்றார் ருக்கையா.

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ராமதாசின் காதில் அது விழவில்லை. இதை எல்லோரும் பார்க்கவேண்டும் என்று இருந்தது அவனுக்கு. குடும்ப வாட்ஸ்அப்பில் போடவேண்டும். ‘எல்லா அளவுக்கும் பொருந்தும் பிளையர்’ என்று எழுதி, கீழே படத்தைப் போட்டால் போதும், வேறு ஒரு வார்த்தை வேண்டாம். பாயான் பாருவில் வாங்கிய கம்பி பிரஷ் வண்டியில் இருந்தது. அதால் தலையில் அப்பியிருந்த தேங்காய்ச் சக்கையையும் துருவையும் தேய்த்தான். போனை மூலைக்குள் நுழைத்து, விளக்கைப் போட்டு, நான்கைந்து படம் எடுத்தான். சேதத்துக்கு ஒப்பிட்டுக் காட்ட, நல்லபடியாக இருக்கும் மற்ற மூன்று தலைகளையும் ஒவ்வொரு படம் எடுத்தான். எழுந்து உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தான்.

நான்காவது தலையில் ஆறு மூலைகளும் கத்தியால் சீவியது போலக் கூர்மையாக இருந்தன. பிளையர் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு புதுக் கீறல் இருந்தது. அது சற்றுமுன் அவனுடைய ஸ்பேனர் வழுக்கியபோது விழுந்தது.

மூலை தேயாமல் ஸ்பேனர் எப்படி ஆடும்?

விரலால் தள்ளித் தள்ளி மற்ற படங்களைப் பார்த்தான். மூன்று தலைகளிலும் 8.8 என்று எண் பொறித்திருந்தது. பட்டறையில் தினமும் பார்க்கிற எண். மில்லிமீட்டர் கணக்கில் செய்த போல்ட்டுகளில் அதன் உறுதியைச் சொல்லும் எண் அது. நான்காவதில் எண்ணே இல்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு மூன்று சின்னக் கோடுகள் மட்டும் இருந்தன. அது என்ன கோடு என்று அவனுக்கு உடனே பிடிபடவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவன் தொட்ட மோட்டார் சைக்கிள்கள் எல்லாமே மில்லிமீட்டர். கோடு போட்ட தலையைத் தொழில் படித்த வகுப்பில் ஒரே ஒரு நாள் பார்த்திருக்கிறான்.

அங்குல போல்ட்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இந்த மிஷின் நவமணி வாங்கும்போதே பழசு. அங்குலக் கணக்கில் செய்தது. பதினோரு வருடத்துக்கு முன், கொக்கியில் ஸ்பேனரை மாட்டிய வருடம், மோட்டாருக்குக் கம்பி சுற்றியபோது, போல்ட்டுகளை எட்டு மில்லிமீட்டருக்கு மாற்றியவன் அவன்தான். மூன்றை மாற்றினான். இந்த மூலையில் கை நுழையாததால், நன்றாகத்தானே இருக்கிறது என்று நான்காவதை விட்டுவிட்டான். நோன்பு மாதத்தின் முதல் வாரத்தில் பெல்ட் மாற்றும்போது அந்த நான்காவதின் பழைய நட்டு கை தவறிச் சாக்கடைக்குள் போனது. டப்பாவிலிருந்து ஓர் எட்டு மில்லிமீட்டர் நட்டை எடுத்துப் போட்டான். ஏறியது. இறுகியது. சரி என்று போய்விட்டான். கோகுலன் பிளையரோடு வந்தது அதே வாரம்.

எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கும் இந்த அங்குல போல்ட்டுக்கும் தடிமனில் வித்தியாசம் ஒரு மயிரிழைதான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மரை வேறு. ஒன்றில் ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் இறங்கும், மற்றதில் ஒன்றரைக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். இந்த நட்டை அந்த போல்ட்டில் ஏற்றினால் முதல் இரண்டு சுற்று நல்ல பிள்ளையாகப் போகும். அதற்குப் பிறகு மரையோடு மரை சிக்கிக்கொண்டு விறைக்கும். கைக்கு அது இறுக்கமாகத் தெரியும். உண்மையில் நட்டு மோட்டார் பாதத்தை அழுத்தவே இல்லை, தன் சொந்த மரையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. மணிக்கட்டு வலிக்க முறுக்கியதெல்லாம் மரையை நசுக்கத்தான் பயன்பட்டது. மிஷின் அதிர அதிர நசுங்கிய மரை வழிவிடும். தலை விஷயமும் அதேதான். நட்டு பதின்மூன்று, தலை அரை அங்குலம், அதாவது பன்னிரண்டு புள்ளி ஏழு. மூன்று தாள் கனம் இடைவெளி. அந்த இடைவெளியைத்தான் அவன் ‘தின்னுருச்சு’ என்று சொன்னான்.

ஸ்பேனர் ஆடியபோதே அளவு வேறு என்று அது சொல்லிவிட்டது. பிளையர் அதைச் சொல்லியிருக்காது, அது எதையும் ஆடாமல் பிடித்திருக்கும். சொன்னதைக் கேட்காமல் விட்டது அவன்தான்.

போன் திரையை அணைத்தான். படத்தைப் பார்த்தது அவன் மட்டும்தான். பிளையர் தின்றுவிட்டது என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லியாயிற்று. புது போல்ட்டைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டால், அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிடும். கோகுலன் மறுத்துப் பேசுகிற ஆளும் இல்லை.

ஆனால் பழையது கழன்றால்தான் புதியதைப் போட முடியும். மேலே நட்டு மரையில் சிக்கிக் கல்லாக இருக்கிறது. கீழே தலையை ஆடாமல் பிடித்தாகவேண்டும். பதின்மூன்று வழுக்குகிறது. பன்னிரண்டு ஏறாது. திருகி அளவு வைக்கிற ஸ்பேனரை வண்டியிலிருந்து எடுத்து வந்து நுழைத்துப் பார்த்தான். அதன் தலை பருமன், குறுக்குக் கம்பி விடவில்லை. பூட்டுப் பிளையரும் அப்படியே. ஹார்டுவேர் கடை திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மெலிந்த தாடை, அளவு கேட்காமல் பிடிக்கிற வாய். அப்படி ஒன்று பத்து காவானில் இருந்தது. அங்கே அதை விரட்டியவன் அவன்.

வரிசை கோழிக்கடையைத் தாண்டிவிட்டது. நவமணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ருக்கையா கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

ராமதாஸ் போனை எடுத்தான்.

“அண்ணே?” என்றான் கோகுலன். குரலில் தூக்கம். “என் கல்யாணத்துக்கப்புறம் உங்ககிட்டேருந்து எனக்குக் கால் வர்றது இதான் மொத தடவ. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?”

“மிஷின் நின்னுருச்சு. அந்தப் பிளையர எடுத்துக்கிட்டு வர முடியுமா?”

“அது மூலையத் தின்னுமேண்ணே” என்றான் கோகுலன். கேலி மாதிரிதான் இருந்தது, முழுக்கக் கேலி இல்லை.

ராமதாஸ் எழுந்து நின்றான். அத்தைக்குக் கேட்கும், ருக்கையாவுக்குக் கேட்கும், அந்தக் காய்கறிக் கடைக்காரருக்கும் கேட்கும்.

“திங்கல. அது தொடவே இல்ல. நான்தான் மாத்தி நட்டு போட்டுட்டேன். அங்குல போல்ட்டுல எட்டு மில்லி நட்ட ஏத்தியிருக்கேன். நீ வந்த வாரம் நான் பண்ணது. உம்மேல சொல்லிட்டேன்.”

நவமணி தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

“வந்துட்டேன்ணே” என்றான் கோகுலன். “பாலத்துல ஜாம் இல்லன்னா நாப்பது நிமிசம்லா.”

நாற்பது நிமிடத்தில் ராமதாஸ் பட்டறைக்குப் போய் ஓர் எட்டு மில்லிமீட்டர் போல்ட், நட்டு, வாஷர் எடுத்து வந்தான். நட்டை போல்ட்டில் விரலாலேயே கடைசி மரை வரை ஓட்டிப் பார்த்தான். எங்கேயும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. மூன்று வாரத்துக்கு முன் இந்த அரை நிமிட வேலையைச் செய்திருக்கலாம்.

கோகுலன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். ஈரத்தரையில் மல்லாந்து படுத்து, பிளையரை மூலைக்குள் நீட்டினான். ‘டக்.’ அந்தச் சத்தம். கண்ணால் பார்க்க முடியாத ஓர் அரை அங்குலத் தலையை, அளவு எதையும் கேட்காமல், முதல் பிடியிலேயே பிடித்திருந்தது அது. நான் அந்தக் கடையிலேயே வாங்கியிருக்கவேண்டும் என்று ராமதாஸ் நினைத்தான். இந்த ஒரு மூலைக்காகவே அந்தக் காசு தகும். அது தன் கையில் இல்லாமல் சகலையின் கையில் இருப்பதுதான் தாங்கவில்லை.

“புடிச்சிட்டியா?”

“புடிச்சாச்சு. நீங்க முறுக்குங்க. பிளையரால மேலயும் முறுக்கவாண்ணே?”

“வேணாம். மேல அளவு தெரியும். பதிமூணு. தெரிஞ்ச அளவுக்கு ஸ்பேனர்தான் நல்லது, ஆறு பக்கமும் புடிக்கும். நீ ஆடாம இருந்தாப் போதும்.”

நட்டு முதலில் முனகியது, பிறகு ஒரு வெடிப்புச் சத்தத்தோடு விட்டது. கழன்று வந்தபோது அதன் மரையில் இரும்புத் தூள் சுருள்சுருளாக ஒட்டியிருந்தது. ராமதாஸ் அதைக் கோகுலனின் உள்ளங்கையில் வைத்தான். கோகுலன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

புது போல்ட் அடியிலிருந்து ஏறியது. வாஷர், நட்டு. ராமதாஸ் மோட்டாரைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தான். கீழே பிளையர் தலையைப் பிடித்திருக்க, மேலே பதின்மூன்று நட்டை முறுக்கியது. இம்முறை மணிக்கட்டு வலிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நட்டு பாதத்தில் வந்து அமர்ந்ததும் கைக்கே தெரிந்தது.

எட்டே முக்காலுக்கு மிஷின் ஓடியது. நவமணி முதல் கூடையை உள்ளே கொட்டினார். பெல்ட் கத்தவில்லை. ருக்கையாவின் முப்பது கிலோவும் பத்தரைக்குள் தயாராகிவிட்டது. போகும்போது அவர், “ரெண்டு மாப்பிள்ளை சேர்ந்தாத்தான் ஒரு நட்டு ஏறுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ராயா முடிந்து மூன்றாம் நாள் ராமதாஸ் வந்து பார்த்தான். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தான். கொக்கியில் கோகுலன் மறுபடி விட்டுப்போன பிளையரும், ஸ்பேனரும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. பிளையர் வெளியே, ஸ்பேனர் உள்ளே. அவன் இரண்டையும் கழற்றி, ஸ்பேனரை வெளியே வருமாறு மாற்றி மாட்டினான். பிறகு குனிந்து புதிதாக இழுத்திருந்த நான்கு வெள்ளைக் கோடுகளையும் பார்த்தான். நான்கும் நேராக இருந்தன. பெயின்ட் பேனாவை எடுத்து, அடுத்து யார் குனிந்தாலும் கண்ணில் படுகிற இடத்தில், மிஷினின் சட்டத்தில் எழுதினான்:

நான்கு போல்ட்டும் நட்டும் 8 மி.மீ. அங்குலம் கலக்கக் கூடாது. கீழே தலையைப் பிளையரால் பிடிக்கவும், மேலே நட்டை 13 ஸ்பேனரால் முறுக்கவும்.